காலிக் கட்டிலுக்கு வாடகை

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்காக ஊரே புத்தாடையுடன் கோவிலை நோக்கி நடக்கும் வேளையில், நாமறிந்த செவிலியர் ஒருவர் வெள்ளைச் சீருடையுடன் எதிர்த்திசைப் பேருந்துக்காகக் காத்து நிற்பார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் அப்படி நின்றார். புத்தாண்டு இரவும் அவருக்குத்தான். உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பு இரவும் அவருக்குத்தான். பணிப்பட்டியல் எழுதும் கண்காணிப்பாளர் ஆண்டுதோறும் ஒரே வாக்கியத்தைச் சொல்வாராம்: "உங்களுக்கென்ன சிஸ்டர், புள்ளையா குட்டியா? வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க?"

வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்திருப்பார் என்பதை நாம் அறிவோம். படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயைத் திருப்பிப் படுக்க வைத்திருப்பார். தம்பி பிள்ளைகளுக்குத் தைத்து வைத்த சட்டைகளை எடுத்துக் கொடுத்திருப்பார். குடிலின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றியிருப்பார். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் கால் நீட்டி உறங்கியே இருந்தாலும்தான் என்ன? களைத்த உடலுக்கு உறக்கம் வேண்டும் என்பதற்குத் தாலி வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?

அவர் பணி ஓய்வு பெற்றார். கடலோர ஊரில் பிறந்து, கப்பலைத் தொலைவில் மட்டுமே கண்டு வளர்ந்தவர். ஒருமுறையேனும் கப்பலேறி நான்கு நாள் கடலில் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றின் விளம்பரத்தில் 'ஒருவருக்கு 40,000 ரூபாய்' என்று கண்டு, பயண முகவரிடம் சென்றார். "நீங்க ஒருத்தர்தானாம்மா? அப்படின்னா 80,000 ஆகும்" என்றார் முகவர். ஏன் என்று கேட்டதற்கு அவர் தந்த விடை, இக்கட்டுரைக்குத் தலைப்பாயிற்று: "ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கும்மா. ஒரு கட்டில் காலியா வருதில்லையா, அதுக்கும் சேர்த்துத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே இதை நம்மிடம் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காலிக் கட்டிலுக்கு வாடகை கட்டுவது அவருக்குப் புதிதன்று. முப்பது ஆண்டுகளாக மருத்துவமனையில் அவர் கட்டி வந்ததும் அதே வாடகைதான். தம் வாழ்வில் இல்லாத ஒருவருக்காக அவர் இரவுகளாகவும் விழாக்களாகவும் செலுத்தினார். இப்போது ரூபாயாகச் செலுத்தச் சொல்கிறார்கள்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமன்று. வங்கியில் ஆளில்லாத் தொலைதூரக் கிளைக்கு யாரை மாற்றலாம் என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருபவர் மணமாகாதவர். தொழிற்சாலையில் தொடர்ந்து இரவு ஷிப்டு யாருக்கு? மணமாகாதவருக்கு. ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய இரவு கடை அடைக்கும்வரை நிற்பவர் யார்? பள்ளியில் முகாமுக்கும் விடுதிக் கண்காணிப்புக்கும் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கும் பெயர் எழுதப்படுபவர் யார்? "ஒண்டிக்கட்டை", "தனிக்கட்டை" என்று நம் மொழி அவர்களுக்கு இட்டிருக்கும் பெயரையே பாருங்கள். மனிதரைக் கட்டையென்று அழைத்துப் பழகிவிட்ட பின், அந்தக் கட்டையை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்க சமூக உளவியல் அறிஞர் பெல்லா டிபாலோ இப்பாகுபாட்டுக்கு 'சிங்கிளிசம்' என்றொரு பெயரிட்டு, 2006-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நாமோ அதை இன்னும் பாகுபாடு என்றே கருதத் தொடங்கவில்லை.

நம்மைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தாய்மாருக்கும் குடும்பத்தாருக்கும் கிடைத்துள்ள உரிமைகளில் ஓர் அணுவையும் குறைக்க நாம் கேட்கவில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்ததை வரவேற்கிறோம். மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008-இல் வந்ததும் நன்றே. நமது கேள்வி வேறு. விடுப்பில் சென்ற தாயின் வேலையைச் செய்வது யார்? மாற்றாள் ஒருவரை நியமித்து அவருக்கு ஊதியம் தருவது நிர்வாகத்தின் கடமை. பல நிர்வாகங்கள் அந்தச் செலவை மிச்சப்படுத்துகின்றன. வேலையை அடுத்த மேசையில் இருக்கும் மணமாகாதவர் தலையில் ஏற்றிவிட்டு, "நாங்கள் குடும்பங்களை மதிக்கும் நிறுவனம்" என்று ஆண்டு விழாவில் பெருமை பேசுகின்றன. தாய்க்கும் தனியருக்கும் இடையே பகையை மூட்டுவது தாயல்லள், அந்தக் கஞ்சத்தனமே.

ஊதிய உயர்வு வேளையிலும் இதே கதைதான். "அவருக்கு இரண்டு பிள்ளைகள், உனக்கு எதற்கு அவசரம்?" என்று கேட்கும் மேலாளர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் சிலர் நம் மறையினர். திருச்சபையின் சமூகப் போதனையையே துணைக்கு அழைக்கின்றனர். ஆகவே அப்போதனை சொல்வதென்ன என்று பார்ப்பது நலம். உழைப்பாளருக்கு நேரிய ஊதியம் தரப்பட வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' மடலில் வலியுறுத்தினார். அவ்வூதியம் உழைப்பவரையும் அவர் குடும்பத்தையும் தாங்கப் போதுமானதாய் இருக்கவேண்டும் என்று பதினோராம் பத்திநாதர் 1931-இல் விரித்துரைத்தார். 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் தம் தொழில் பற்றிய மடலில், குடும்பத்துக்குப் போதிய ஊதியமோ, அதற்கு ஈடான குடும்பப் படிகளோ வேண்டும் என்றார். இம்மடல்கள் கடமையைச் சுமத்துவது முதலாளி மீதும் சமுதாயத்தின் மீதும். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் தொழிலாளியின் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று எந்தத் திருத்தந்தையும் எழுதவில்லை.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை எடுத்துக்காட்டி நம்மை மடக்குவோரும் உண்டு. கடைசி மணிநேரத்தில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம், காலையில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம். இதில் முணுமுணுக்க என்ன இருக்கிறது என்பார்கள். உவமையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தோட்டக்காரர் தாராளமாய்க் கொடுத்தது தம் சொந்தப் பணத்தை. காலையில் வந்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் அவர் குறைக்கவில்லை. மாலையில் வந்தவரின் வேலையை முடித்துவிட்டுப் போகும்படி இரவுவரை அவர்களை நிறுத்தி வைக்கவுமில்லை. நம் நிர்வாகிகளின் தாராளமோ, பிறர் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுக்கும் தாராளம். அதற்கு நற்செய்தியில் ஆதாரம் தேடவேண்டாம்.

இனி, மணமாகாதவருக்குக் குடும்பமே இல்லை என்ற பொய்யைப் பார்ப்போம். நம் பங்குகளில் வயது முதிர்ந்த பெற்றோரைத் தாங்கி நிற்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மணமான பிள்ளைகள் வேலை தேடி வெளியூரும் வெளிநாடும் சென்றபின், தாயின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்த மணமாகாத மகளோ மகனோதான். தங்கைகளைக் கரையேற்றுவதற்காகவே தம் திருமணத்தைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதே வாழ்க்கையாகிவிட்ட அண்ணன்மார் எத்தனை பேர்! அலுவலக ஏட்டுக்கு இந்தக் குடும்பம் கண்ணில் படுவதில்லை. கணவனும் மனைவியும் அரசுப் பணியிலிருந்தால் இருவரையும் ஒரே ஊரில் அமர்த்த முயல வேண்டும் என்று மத்திய அரசு 1986-இலும் மீண்டும் 2009-இலும் நெறிமுறை வகுத்தது. நல்ல நெறிமுறையே. ஆனால் எண்பது வயதுத் தாயும் மணமாகாத மகளும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதும் அதே அளவு மனிதத் தேவையல்லவா?

சில வேளைகளில் அரசு கண்திறந்து பார்க்கிறது. பார்க்கும்போதும் எப்படிப் பார்க்கிறது? தமிழ்நாட்டில் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் நாற்பது வயது கடந்த மணமாகாத பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டிருக்கிறது. ஆனால் அப்பிரிவுக்கு இடப்பட்ட பெயர் 'முதிர்கன்னிகள்'. ஒரு கையால் சலுகையைக் கொடுத்து, மறு கையால் நெற்றியில் முத்திரை குத்துவது இதுதான்.

மணம் செய்தமைக்காகப் பெண்களைத் தண்டித்த காலமும் இருந்தது. வெளிநாட்டுப் பணியில் உள்ள பெண், மணம் செய்ய அரசின் அனுமதி பெறவேண்டும் என்ற விதியை 1979-இல் சி. பி. முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. விமானப் பணிப்பெண் கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை 1981-இல் அதே நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வநீதி எழுத்தில் இருந்தது. ஆகவே வழக்குத் தொடுக்க முடிந்தது. மணமாகாதவருக்கு இழைக்கப்படும் அநீதி விதிப்புத்தகத்தில் இல்லை. பணிப்பட்டியலின் ஓரத்திலும், வேடிக்கைப் பேச்சிலும், "நீயே கொஞ்சம் பார்த்துக்கொள்" என்ற கொஞ்சலிலும் அது வாழ்கிறது. எந்த நீதிமன்றத்தில் அதை ஏற்றுவது?

நம் வீட்டையும் நாம் பார்க்கத்தான் வேண்டும். இயேசு மணமாகாதவர். பவுலடியார் தம்மைத் தனித்து வாழ்பவர் என்றே சொல்லிக்கொள்கிறார். பெத்தானியா வீட்டின் மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவருக்கும் வாழ்க்கைத் துணை இருந்ததாக நற்செய்தியாளர் எவரும் குறிப்பிடவில்லை. அவ்வீட்டில் ஆண்டவர் இளைப்பாறினார். 1992-ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூல், தனித்து வாழ்வோரை, அதிலும் தாம் விரும்பித் தேர்ந்துகொள்ளாத சூழலால் அப்படி வாழ்வோரைச் சிறப்பாக நினைவுகூர்ந்து, எவரும் குடும்பமின்றி விடப்படலாகாது என்று கற்பிக்கிறது. இவ்வளவும் இருந்தும் நம் பங்குகளில் நடப்பதென்ன? துறவியின் மணமின்மையை அர்ப்பணம் என்கிறோம். பொதுநிலையினரின் மணமின்மையைக் குறை என்கிறோம். நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் மணமாகாத பெண்களை, மடத்தில் சேராத கன்னியராகவே எண்ணி வேலை வாங்குகிறோம். துறவியருக்கு உள்ள மடமும் முதுமைக் காப்பும் இவர்களுக்கு இல்லை என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

மீண்டும் கப்பலுக்கு வருவோம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிய பின், கப்பலேறும் ஆசை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் தொலைவுக்கு வந்தது. கப்பல் நிறுவனங்கள் அறையை விற்கின்றன. ஆனால் இருவர் தங்குவர் என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என விளம்பரம் செய்கின்றன. ஒருவர் மட்டும் வந்தால் மற்றவர் பங்கில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அவரிடமே பெறுகின்றன. கப்பலில் பயணிகள் குடிக்கவும் வாங்கவும் கரையிறங்கிச் சுற்றவும் செய்யும் செலவிலும் அவர்களுக்குப் பெரும் வருவாய் உண்டு. ஓர் ஆள் குறைந்தால் அதுவும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அறை ஒன்றே என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் காலிக் கட்டில் உணவு உண்பதில்லை, நீர் குடிப்பதில்லை. அதற்கும் முழுக் கட்டணம் என்பது வணிகம், நியாயமன்று.

கண்டிப்பதோடு நில்லாமல், தனியே செல்லும் நம் வாசகருக்குப் பயன்படும் சிலவற்றையும் சொல்லிவிடுவோம். விளம்பர விலையைப் பாராதீர்கள். 'தனிநபர் கூடுதல் எத்தனை விழுக்காடு' என்று கேளுங்கள். 40,000 ரூபாய்க் கப்பலில் கூடுதல் 100 விழுக்காடு என்றால் 80,000. 50,000 ரூபாய்க் கப்பலில் கூடுதல் 25 விழுக்காடே என்றால் 62,500. விலை கூடியது போலத் தோன்றும் கப்பலே மலிவு. துறைமுக வரியும் பணியாளர் அன்பளிப்பும் வழக்கமாக ஆள் கணக்கில் வருபவை. ஒருவருக்கானதை மட்டுமே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2010-இல் 'நார்வீஜியன் எபிக்' கப்பல் தனிநபருக்கென்றே 128 சிற்றறைகளுடன் கடலில் இறங்கியது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. அத்தகைய அறைகள் குறைவு, விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே முந்திப் பதிய வேண்டும். பதியுமுன் இருவர் அறையின் மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிடவும் வேண்டும். சில நேரம் சிற்றறையே விலை கூடியிருக்கும்.

பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்த்தால் விலை இறங்கும். பருவம் மாறும்போது கப்பல்கள் ஒரு கடலைவிட்டு மற்றொரு கடலுக்கு இடம்பெயர்வதுண்டு. இளவேனிலில் கரீபியத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் இலையுதிர்காலத்தில் மறுபடியும் அங்கே திரும்பவும் செல்கின்றன. அந்த ஒருவழிப் பயணங்களில் துறைமுகங்கள் குறைவு, கடலில் கழியும் நாட்கள் மிகுதி, நாள் கணக்கில் கட்டணமும் குறைவு. ஆனால் வானூர்திச் செலவைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். முழுப்பணம் கட்டும் கெடு முடிந்தபின் விற்காத அறைகளைத் தள்ளி விற்பதும் உண்டு. நாளைக்கே புறப்படக் கூடிய ஓய்வுபெற்றோருக்கு, விசா கையில் இருந்தால், அது ஏற்றது. எல்லாவற்றிலும் எளிய வழி, மனமொத்த இன்னொருவரோடு அறையைப் பகிர்வதே.

இக்கடைசி வழியை நம் பங்குகள் எளிதில் திறந்துவிடலாம். திருநாட்டுக்கும் லூர்துக்கும் திருப்பயணம் ஏற்பாடு செய்யும்போது நாமும் 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு' என்றுதானே அச்சிடுகிறோம்? தனியே வரும் விதவையிடமும் மணமாகாதவரிடமும் கூடுதல் தொகை கேட்கிறோம். தனியே வருவோர் இருவரை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி ஓர் அறையில் சேர்த்துவிட ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இணை அமையாவிட்டால், அக்கூடுதலைப் பயணக்குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். நாற்பது பேர் பகிர்ந்தால் ஒருவர் பங்கு சிறிதாகவே இருக்கும்.

பணியிடத்தில் செய்யவேண்டியதும் மலையைப் புரட்டும் வேலையன்று. விழாநாட் பணிப்பட்டியலைச் சுழற்சி முறையில் எழுத்தில் வையுங்கள். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் பணிசெய்தவர் பெயர் இவ்வாண்டு அவ்விரவில் வரக்கூடாது. விடுப்புக்குக் காரணம் கேட்பதானால் எல்லோரிடமும் கேளுங்கள். இல்லையேல் எவரிடமும் கேட்காதீர்கள். விழாநாளில் வேலை செய்த தொழிலாளிக்கு இரட்டை ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ தரவேண்டும் என்று தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் மணமானவரா என்று கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். மகப்பேறு விடுப்புக்கு மாற்றாள் நியமியுங்கள். மணமான உடன்பணியாளருக்கும் ஒரு சொல்: உங்கள் பிள்ளையின் காய்ச்சலுக்காக உங்கள் இரவை ஏற்றுக்கொண்டவரின் தாய்க்குக் காய்ச்சல் வரும்போது, அவர் கேட்குமுன்பே அவர் இரவை நீங்கள் கேட்டு வாங்குங்கள். கைம்மாறில்லாத உதவி கேட்கும் உரிமை ஒருமுறைக்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு இல்லை.

நம் செவிலியர் பின்னர் கப்பலேறினார். உடன் பணிபுரிந்து ஓய்வுபெற்ற கைம்பெண் ஒருவர் அறையைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு கட்டிலிலும் ஆளிருந்தது. ஆளுக்கு விளம்பர விலைதான். கடலில் இரண்டாம் நாள் இரவு, எவரும் தம்மை எழுப்பி வார்டுக்கு அழைக்காததால் உறக்கம் வரவில்லை என்று அவர் சொன்னார்.

அவர் இருந்த இடத்தில் இப்போது இளம் செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் மணமாகவில்லை. டிசம்பர் மாதத்துக்கான பணிப்பட்டியல் நவம்பர் முடியுமுன் எழுதப்படும். அதை எழுதும் கைகளுள் சில, இவ்விதழையும் இப்போது ஏந்தியிருக்கும் கைகளாக இருக்கக்கூடும். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அந்தப் பெயரை எழுதுமுன், சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்து ஒருமுறை பாருங்கள்.